இரு கரைக் கடன்

1888-ம் ஆண்டு பம்பாயில் மோத் பனியா சாதியார் கூட்டம் போட்டு, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் கிளம்பியிருந்த பதினெட்டு வயது இளைஞரை நடுவில் நிறுத்தி விசாரித்தார்கள். கடல் கடப்பதை நம் மதம் தடுக்கிறது, அங்கே போனால் ஆசாரத்தைக் காப்பாற்ற முடியாது என்றார் சாதித் தலைவர். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் என்றார் இளைஞர். தலைவர் அவரைச் சாதியிலிருந்து விலக்கினார். அவருக்கு உதவுகிறவர், வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவர் எவரானாலும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்றும் அறிவித்தார். செப்டம்பர் 4-ம் தேதி கப்பலேறிய அந்த இளைஞர் மோகன்தாஸ் காந்தி. இந்தச் சம்பவத்தைப் படிக்கிற இன்றைய வாசகருக்குச் சாதித் தலைவர் வெறும் அறியாமையின் உருவமாகத் தெரிவார். அவர் கொடுத்த தீர்ப்பு தவறுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அடியில் கிடந்த கேள்வி மதிப்புள்ளது. ஒருவருடைய தர்மம் என்பது அவர்மேல் உரிமையுள்ள மனிதர்களுக்கு அவர் ஆற்றும் கடமை என்றால், படிப்புக்காக அவர்களை விட்டுத் தொலைவுக்குப் போகிறவர் தர்மத்தையும் விட்டுத்தான் போகிறாரா? கடல் தாண்டுவதால் தர்மம் கெடுவதில்லை, உறவு அறுந்தால் கெடுகிறது, அதை அறுப்பவர் பெரும்பாலும் போனவராக இருப்பதில்லை என்பது என் வாதம்.

முதலில் சாஸ்திரத்தைப் பார்ப்போம். போதாயன தர்மசூத்திரம் சாதியிழக்கச் செய்யும் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது கடற்பயணத்தைத்தான் முதலில் வைக்கிறது. அதற்கு மூன்றாண்டுப் பிராயச்சித்தமும் சொல்கிறது: நான்காம் வேளைக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், நாளுக்கு மூன்று முறை குளிக்க வேண்டும், பகலை நின்றும் இரவை உட்கார்ந்தும் கழிக்க வேண்டும். கடுமையானதுதான். ஆனால் அதே நூலின் வேறோர் இடத்தில், ஊருக்கு ஊர் மாறும் வழக்கங்களைப் பேசும்போது, கடலில் போவது வடநாட்டாரின் வழக்கம் என்று எழுதியிருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தென்னாட்டார் வழக்கம் என்பதும் அந்தப் பகுதியில்தான் வருகிறது. மனுவும் இப்படியே. கடலோடியைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்று ஓரிடத்தில் சொல்கிறது. கடல் வணிகம் தெரிந்தவர்கள் நிர்ணயிக்கும் வட்டி செல்லும் என்று இன்னோரிடத்தில் சொல்கிறது. தடை இருந்த காலத்திலேயே பயணமும் இருந்திருக்கிறது. போனவர் திரும்பிவந்து சேர வழியும் இருந்திருக்கிறது. பிறகு வந்த கலிவர்ஜ்யப் பட்டியல்கள்தான் இந்த வழியை அடைத்தன. கலியுகத்தில், பிராயச்சித்தம் செய்துகொண்டாலும், கடல் கடந்த இருபிறப்பாளனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றன அவை.

இங்கே ஆசாரவாதி ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்பலாம். பின்னால் வந்த விதிதான் நம் யுகத்துக்கு உரியது, பழையதைக் காட்டி அதைத் தள்ள நீங்கள் யார் என்று கேட்கலாம். ஆனால் கலிவர்ஜ்யம் என்ற கருத்தே எதன்மேல் நிற்கிறது? முன் யுகங்களில் தர்மமாக இருந்தது இன்று தர்மமாகாது என்பதன்மேல். காலத்துக்கேற்ப விதி மாறும் என்பதை ஒப்புக்கொண்டு பிறந்த ஒரு பட்டியலை, இனி எந்தக் காலத்துக்கும் மாறாது என்று சொல்ல முடியாது. நடைமுறையும் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் திருவெம்பாவையைத் தங்கள் சடங்கில் நூற்றாண்டுக் கணக்கில் காத்துவந்தார்கள். அது எப்படி அங்கே போயிற்று? ஓதத் தெரிந்த யாரோ கப்பலேறிப் போனதால்தானே.

தமிழ் மரபு இதை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தலைவன் தலைவியைப் பிரிவதற்கான காரணங்களில் தொல்காப்பியம் கல்வியை முதலில் வைக்கிறது. பகையும் தூதும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. கல்விக்காகப் பிரிவது உயர்ந்தோர்க்குரியது என்றும் சொல்கிறது. பிறகு கற்பியலில் ஒரு வரம்பு கட்டுகிறது: கல்விக்காகப் பிரிந்த பிரிவு மூன்றாண்டைக் கடக்கக் கூடாது. அரசன் பணிக்கான பிரிவு ஓராண்டுக்குள் முடிய வேண்டும். தொல்காப்பியர் தடுக்கவில்லை. போகலாம், போவது பெருமை, ஆனால் காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய காலமும் கணக்கில் வர வேண்டும் என்கிறார். போதாயனர் தண்டனைக்கு மூன்றாண்டு வைத்தார், தொல்காப்பியர் பிரிவுக்கு மூன்றாண்டு வைத்தார். இரண்டாவதுதான் சரியான இடத்தில் கை வைக்கிறது என்பேன். தூய்மை என்ற பேச்சையே எடுக்காமல் நேராக உறவைப் பார்க்கிறது அது.

சாஸ்திரத்துக்குள்ளேயே இதற்குத் துணை நிற்கும் கருத்து ஒன்று உண்டு. பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறோம் என்கிறது தைத்திரீய சம்ஹிதை: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, முன்னோர்களுக்கு. பிராமணனை முன்வைத்துச் சொன்னதென்றாலும் அதன் நியாயம் எல்லாருக்கும் பொருந்தும். ரிஷிகளின் கடனை எப்படித் தீர்ப்பது? படித்து. நமக்கு முன்னால் யாரோ தேடிக் கண்டுபிடித்து வைத்த அறிவை வாங்கிக்கொள்வதும், அதைக் கெடாமல் அடுத்தவருக்குக் கொடுப்பதுமே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. அப்படியானால் படிக்கப் போகிறவர் கடமையை விட்டு ஓடுகிறார் என்று சொல்வது எவ்வளவு பெரிய பிழை! ஒரு கடனைத் தீர்க்கத்தான் போகிறார். சிக்கல் என்னவென்றால், ஒரு கடனைத் தீர்க்கும் இடம் கேம்பிரிட்ஜாகவும், இன்னொரு கடனைத் தீர்க்கும் இடம் கும்பகோணமாகவும் இருக்கிறது. ஒரே உடம்பு இரண்டு இடத்தில் இருக்க முடியாது. பாவம் புண்ணியம் என்று பிரித்துத் தீர்க்கிற வழக்காக இது இல்லை. இரண்டு கடமைகளுக்கு நடுவில் ஒருவர் நின்று தவிக்கிற வழக்கு.

இதற்கு ஆசாரவாதி இன்னும் வலுவான ஒரு மறுப்பைச் சொல்வார், அதை எளிதாகத் தள்ள முடியாது. தர்மம் என்பது மனத்தில் வைத்துக்கொள்ளும் கொள்கை மட்டும் இல்லை, தினசரிப் பழக்கம். பழக்கத்துக்குக் கூட்டம் வேண்டும், சமையலறை வேண்டும், பண்டிகை வேண்டும், தவறினால் கேட்க ஆள் வேண்டும். இதெல்லாம் இல்லாத ஊரில் தனி மனிதரின் உறுதி எத்தனை நாள் தாங்கும் என்பார். 1883-ல் இந்தக் கேள்விக்கு ஓர் இளம்பெண் மேடையேறிப் பதில் சொன்னார். மருத்துவம் படிக்க அமெரிக்கா கிளம்பிய ஆனந்திபாய் ஜோஷி, செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் தன்னிடம் ஊரார் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை சொன்னார். திரும்பி வந்தால் சாதியை விட்டுத் தள்ளமாட்டார்களா என்பது அதில் ஒன்று. இங்கே எப்படி உடுத்தி, உண்டு வாழ்கிறேனோ அப்படியே அங்கும் வாழப்போகிறேன், இந்துவாகப் போய் இந்துவாகத் திரும்புவேன், பிறகு எதற்காகத் தள்ளவேண்டும் என்பது அவர் பதிலின் சாரம். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. சொன்னபடியே பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து 1886-ல் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் பண்டைய இந்துக்களின் பேறுகால மருத்துவம்.

காந்தியின் கதை இதைவிட ஒரு படி மேலே போகிறது. மதம் போய்விடும் என்று எந்த ஊருக்குப் போகாதே என்றார்களோ, அந்த லண்டனில்தான் அவர் கீதையை முதன்முதலாகப் படித்தார். தியாசபிஸ்டுகளான இரண்டு சகோதரர்கள் எட்வின் அர்னால்டின் மொழிபெயர்ப்பைச் சேர்ந்து படிக்க அவரை அழைத்தார்கள். மூலத்தையும் படித்ததில்லை, குஜராத்தியிலும் படித்ததில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே மாமிசம் தொடாமல் பட்டினி கிடந்தவர், அங்கே சைவ உணவை ஆதரித்து எழுதிய ஒரு புத்தகத்தைப் படித்த பிறகு அதைத் தன் சொந்தக் கொள்கையாக ஏற்றார். ராஜ்கோட்டிலேயே இருந்திருந்தால் அது என்றைக்கும் வீட்டுப் பழக்கமாகவே இருந்திருக்கலாம். கூட்டம் தாங்கிப் பிடிக்கிற பழக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. கூட்டம் இல்லாத இடத்தில் தானே காரணம் தேடிக் கைக்கொண்ட பழக்கத்தின் மதிப்பு அதைவிடக் கூடியது.

ஆனால் எல்லாருக்கும் காந்தியின் வழி வாய்க்காது. ஆசாரவாதியின் மறுப்பில் உண்மை இருக்கும் இடம் அதுதான், அதைக் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை காட்டுகிறது. முதலில் அவர் கேம்பிரிட்ஜ் போக மறுத்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் அவருடைய அம்மா கோமளத்தம்மாள் கனவில் வந்து, மகன் பிறந்த காரியத்துக்குக் குறுக்கே நிற்காதே என்று சொன்னதாகக் குடும்பத்தார் நம்பினார்கள். 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பலேறினார். டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துக்கொண்டார். அந்த ஆண்டே போர் தொடங்கியது. காய்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது. குளிர், நோய், தனிமை. வீட்டுக்குள் மாமியார் மருமகள் பிணக்கில் மனைவியின் கடிதங்கள் அவரிடம் போய்ச் சேராமல் நின்றுபோயின. 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் பாதையில் விழுந்து உயிரை விடவும் முயன்றார். ராயல் சொசைட்டி அவரைத் தன் ஃபெல்லோவாக ஏற்றதும் அதே ஆண்டில்தான். ஆசாரத்தை அவர் விடவில்லை. ஆசாரத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய கை மறுகரையிலிருந்து நீளவில்லை. 1919-ல் நோயாளியாகத் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் தேதி முப்பத்திரண்டு வயதில் இறந்தார். ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்துகொள்ள உடல் இடம் கொடுக்கவில்லை. கடல் கடந்து வந்து சுத்தி செய்துகொள்ளாதவர் என்பதால் ஆசாரம் பார்த்த உறவினர்கள் அவர் சாவுக்கு வராமல் இருந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். யார் உறவை அறுத்தது? நாமகிரியை ஒருநாளும் மறவாத ராமானுஜனா, அவருடைய பிணத்தை எட்டிப் பார்க்க வராதவர்களா? காந்தி விலக்கப்பட்ட பிறகும் சாதிக்காரர்கள்மேல் கோபம் வைக்கவில்லை. திரும்பி வந்ததும் அண்ணன் சொல்லுக்காக நாசிக்கில் முழுகி, ராஜ்கோட்டில் சாதிக்கு விருந்தும் வைத்தார். அப்படியும் ஒரு பிரிவார் அவரைச் சேர்க்கவில்லை. மாமனார் வீட்டிலும் அக்காள் வீட்டிலும் தண்ணீர் குடிக்கக்கூட அவர்களுக்குத் தடை இருந்தது. மறைவாகக் கொடுக்க அவர்கள் தயாராக இருந்தும் இவர் மறுத்துவிட்டார். கட்டுப்பாட்டை மதித்தவர் போய்வந்தவர். கயிற்றை அறுத்தவர்கள் வீட்டிலேயே இருந்தவர்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று சீனத்தில் நடந்திருக்கிறது. யிஜிங் என்ற பௌத்தத் துறவி 671-ல் குவாங்சௌவில் பாரசீகக் கப்பல் ஒன்றில் ஏறி, ஸ்ரீவிஜயத்தில் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்து, பிறகு நாளந்தாவில் பத்தாண்டுகள்போல் கற்றார். பெற்றோரையும் முன்னோரையும் பேணுவதே முதல் அறம் என்று கொண்டிருந்த நாடு அது. வீட்டைத் துறப்பவர்கள்மேல் அங்கே பழி பேச ஆள் எப்போதும் இருந்தது. அவருக்குமுன் இந்தியாவுக்குப் படிக்க வந்த துறவிகள் பலருடைய வரலாற்றை யிஜிங் எழுதி வைத்திருக்கிறார். அதில் பலர் வழியிலோ வந்த இடத்திலோ இறந்தவர்கள். 695-ல் சுமார் நானூறு சமஸ்கிருத நூல்களோடு அவர் லூவோயாங் திரும்பியபோது, பேரரசி வூ சேத்தியான் தானே நகர வாயிலுக்கு வந்து வரவேற்றார். வீட்டார் ஏற்றுக்கொண்டதால் அவர் கொண்டுவந்த கல்வி நாட்டுக்குரியதாயிற்று. மீதி வாழ்நாளை அவர் மொழிபெயர்ப்பில் செலவிட்டார். போகிறவர் ஒரு கரையில் கடன்படுகிறார், அனுப்புகிறவர் மறுகரையில் கடன்படுகிறார் என்பதைச் சீனம் அந்த ஒரு தடவையாவது புரிந்துகொண்டு நடந்தது. நம்மிடமும் இந்தப் புரிதல் இல்லாமல் இல்லை. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு கடமைகளைப் பட்டியலிடும்போது தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் அரசனுக்கும் உரிய கடமைகளைச் சொல்லிவிட்டுத்தான் கடைசியில் இளைஞனிடம் வருகிறது.

இன்றைய நிலைமைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,000-க்கும் அதிகமான இந்திய மாணவர்கள் படித்தார்கள். ரிஷி கடனைத் தீர்க்கவா இத்தனை பேரும் போகிறார்கள், சம்பளத்துக்குத்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: நோக்கம் கலந்தே இருக்கும், எந்தக் காலத்திலும் கலந்தே இருந்தது. காந்தி ரிஷி கடன் தீர்க்கப் போகவில்லை. தகப்பனார் வகித்த திவான் வேலை கிடைக்க பாரிஸ்டர் பட்டம் குறுக்குவழி என்று குடும்ப நண்பர் ஒருவர் சொன்னதால் போனார். சம்பாதிக்கப் போனவர் கற்றது கல்வி ஆகாமல் போவதில்லை. அரசுப் பணத்தில் இங்கே படித்துவிட்டு அங்கே உழைப்பது நாட்டுக்குத் துரோகம் என்ற குற்றச்சாட்டையும் நான் அளவோடுதான் ஏற்பேன். நாட்டுக்குரிய கடன் உண்மைதான், ஆனால் அதை வசூலிக்கும் முன் வேலையும் ஆய்வுக்கூடமும் கொடுக்கும் கடமை நாட்டுக்கும் உண்டு.

இன்னொரு மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. என்னைப் பெறச் சொல்லி நான் கேட்கவில்லை, பிறகு எனக்கேது கடன் என்பது பல இளைஞர்களின் வாதம். ஒப்பந்தத்தில் ஏற்படும் கடனுக்குக் கையெழுத்து வேண்டும். வாங்கிக்கொண்ட அன்பில் ஏற்படும் கடனுக்கு அது வேண்டாம். பேசக் கற்றதும் நடக்கக் கற்றதும் எவர் கையாலோ என்கிற உண்மையிலிருந்து யாரும் வெளியே நிற்க முடியாது. ஆனால் அந்த இளைஞர்கள் எதை எதிர்த்து இப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கடன் என்பது அவர்கள் வீட்டில் ரூபாய்க் கணக்காக மாறிவிட்டது. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்கின்றன. வீட்டுப் பத்திரம் வங்கிப் பெட்டகத்துக்குள் போகிறது. அதோடு சேர்ந்து, ஜெயிக்காமல் வராதே என்ற வாசகமும் பையனின் பெட்டிக்குள், பெண்ணின் பெட்டிக்குள் போய்விடுகிறது. திருவள்ளுவர் மகன் தந்தைக்குச் செய்யும் உதவியாகச் சொன்னது, இவனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊரார் வியக்கும்படி வாழ்வதை. பக்கத்திலேயே இருந்து கால் பிடிப்பதைச் சொல்லவில்லை, மாதம் இவ்வளவு அனுப்புவதையும் சொல்லவில்லை.

முன்னோர் கடன்தான் உண்மையில் மிகக் கடினமானது. காந்தி லண்டனில் இருந்தபோதே அவருடைய தாய் இறந்துவிட்டார். படிப்பு கெடக் கூடாதென்று அண்ணன் அதை மறைத்து, ஊர் திரும்பிய பிறகே சொன்னார். இன்று மறைக்க முடியாது. கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி வைத்திருக்கிறது, மோட்டார் சத்தம் விடாமல் ஓடுகிறது. அத்தை மகன் ஒருவன் போனைக் கண்ணாடி மூடிக்கு மேலே பிடித்து, முகம் தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்கிறான். மறுமுனையில் இருப்பவர் போனால் திரும்பிவர விசா ஸ்டாம்பிங் கிடைக்குமா என்ற கலக்கத்தில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கூடியிருப்பவர்களில் யாரோ, கொள்ளி வைக்கக்கூட வராத பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்கிறார். பம்பாயில் 1888-ல் போட்ட அபராதத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. மூத்த மகன் இல்லாத இடத்தில் தம்பியோ, தாயாதியோ, உரிமை பெற்ற வேறொருவரோ செய்யலாம் என்று சடங்கே இடம் கொடுக்கிறது. பல வீடுகளில் இப்போது மகளே செய்கிறாள். சாஸ்திரம் விட்டுக்கொடுத்த இடத்தில் ஊர் விட்டுக்கொடுக்க மறுப்பது அறம் ஆகாது. அதே நியாயத்தில், வர முடிந்தும் வராதவரைச் சடங்கின் சலுகை காப்பாற்றாது என்பதையும் சொல்லவேண்டும். தொல்காப்பியர் கட்டிய மூன்றாண்டு வரம்பை இன்று எழுத்துக்கு எழுத்து கேட்பவர் யாரும் இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது என்ற எண்ணம் போனவருக்கு இருந்தாக வேண்டும். அது இல்லாமல் பத்தாண்டு கழித்து வந்து பிராயச்சித்தமாகப் பணத்தைக் கொட்டுகிறவர் தன் பக்கக் கயிற்றைத் தானே அறுத்தவர்தான்.

சாதி விலக்கு இப்போது வேறு உருவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடல் தாண்டியதற்காக யாரும் யாரையும் தள்ளுவதில்லை. தாண்டிப் போய்த் தோற்றதற்காகத் தள்ளுகிறார்கள். பட்டம் முடிக்காமல் வந்தவர், வேலை கிடைக்காமல் வந்தவர், மனம் உடைந்து வந்தவர் இவர்களுக்கு உறவுக்கார வீட்டுக் கல்யாணத்தில் கிடைக்கும் பார்வை எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பார்வைக்குப் பயந்தே எத்தனையோ பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டு, சொல்ல முடியாத நிலையில் அங்கே கிடக்கிறார்கள். ஆனந்திபாய் பட்டம் பெற்று வந்த அடுத்த ஆண்டே, 1887 பிப்ரவரியில், காசநோயால் புனாவில் இறந்தார். ஒரு டாக்டராக அவர் வேலை பார்க்கவே இல்லை. அதனால் அவர் போனது வீண் என்று இன்று யாராவது சொல்வார்களா? பலன் கைக்கு வந்ததா என்பதை வைத்து ஒரு கல்வியின் அறத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிள்ளைகளைத் தொலைதூரத்துக்குப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பேசும்போது மார்க்கையும் இன்டர்ன்ஷிப்பையும் விசாரிப்பதற்கு முன்னால், முடியவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு, கடனைச் சேர்ந்து அடைத்துக்கொள்ளலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.